பதேர் பாஞ்சாலி: வசூலும் விருதுகளும்

பதேர் பாஞ்சாலி 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த வங்காள மொழித் திரைப்படம் ஆகும். சத்யஜித் ராய் இயக்கிய முதல் திரைப்படமான இது, பிபூதிபூசண் பந்தோபாத்யாய் எழுதி 1929 இல் நூலாக வெளிவந்த அதே பெயருடைய புதினத்தைத் தழுவியது. 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்காளச் சொற்றொடர் 'பாதையின் பாட்டு' எனப் பொருள்படும். திரைப்பட நிறுவனம் எதனுடைய ஆதரவும் இன்றித் தனிமுயற்சியாகத் தொடங்கப்பட்ட இப்படம், மேற்கு வங்காள அரசின் பணத்தால் நிறைவு பெற்றது. அப்பு முப்படங்கள் எனப்படும் வரிசையில் இதுவே முதலாவது ஆகும். அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959) ஆகியவை மற்ற இரண்டும் ஆகும்.

இப்படத்தின் வணிக வரலாறும் விருது வரலாறும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. உள்நாட்டில் வாய்மொழிப் பரிந்துரையால் இப்படத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. வெளிநாடுகளிலோ திரைப்பட விழாக்களில் கிடைத்த பெயரே திரையரங்குகளுக்கு வழி திறந்தது. படத்தின் இலாபம் பணம் முதலிட்ட அரசைச் சேர்ந்தது. தொடர்ந்து படம் எடுக்கும் வாய்ப்பு இயக்குநரைச் சேர்ந்தது.

கதைச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து வங்காளச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஏழைப் புரோகிதர் ஹரிஹர். அவருடைய மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அப்பு, முதிய உறவினரான இந்திர் தாக்ரூன் ஆகியோரைச் சுற்றிக் கதை நகர்கிறது. பிழைப்புத் தேடி ஹரிஹர் வெளியூர் செல்கிறார். அவர் இல்லாத காலத்தில் மழையில் நனைந்த துர்கா காய்ச்சல் கண்டு இறந்து விடுகிறாள். மகள் இறந்தது அறியாமல் அவளுக்குப் புடவை வாங்கிக்கொண்டு ஹரிஹர் வீடு திரும்புகிறார். இறுதியில் குடும்பத்தினர் பூர்வீக வீட்டை விட்டுக் காசிக்குப் புறப்படுகின்றனர்.

தயாரிப்புச் செலவும் நிதி நெருக்கடியும்

ராய் கல்கத்தாவில் (தற்போது கொல்கத்தா) டி. ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றியவர். பதேர் பாஞ்சாலியின் சிறுவர் பதிப்புக்குப் படங்கள் வரைந்தபோது இக்கதையைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1950 இல் அலுவலகப் பணியாக இலண்டன் சென்றிருந்தபோது வித்தோரியோ தெ சீக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' திரைப்படத்தைக் கண்டார். தொழில்முறை அல்லாத நடிகர்களையும் இயற்கையான இடங்களையும் கொண்டு குறைந்த செலவில் படமெடுக்க இயலும் என்ற நம்பிக்கையை அது அவருக்கு அளித்தது.

பாடலும் நடனமும் புகழ்பெற்ற நடிகர்களும் இல்லாத கதைக்குப் பணம் தரத் தயாரிப்பாளர்கள் முன்வரவில்லை. எனவே ராய் தமது ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் பெற்றும், நண்பர்கள், உறவினர்களிடம் பணம் திரட்டியும் 1952 அக்டோபர் 27 அன்று படப்பிடிப்பைத் தொடங்கினார். வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் மட்டுமே படப்பிடிப்பு நடத்தப்பட்டது. முதலில் எடுக்கப்பட்டது அப்புவும் துர்காவும் நாணல் போன்ற காஷ் புல்வெளியில் செல்லும் காட்சி ஆகும். அடுத்த வாரம் படக்குழுவினர் அவ்விடத்துக்கு மீண்டும் சென்றபோது பூக்கள் முழுவதையும் மாடுகள் மேய்ந்து விட்டிருந்தன. காட்சியின் எஞ்சிய பகுதியை எடுக்க அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பணம் தீர்ந்தபோது ராய் தமது நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். அவருடைய மனைவி பிஜோயா ராயின் நகைகள் அடகு வைக்கப்பட்டன. அவ்வாறு திரட்டிய பணமும் போதாமையால் ஏறத்தாழ ஓராண்டு காலம் படப்பிடிப்பு நின்று போனது. இந்த இடைவெளியில் அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையாததும், துர்காவாக நடித்த சிறுமி தோற்றத்தில் வளர்ந்து விடாததும், இந்திர் தாக்ரூனாக நடித்த எண்பது வயதை எட்டியிருந்த சுனிபாலா தேவி இறந்து விடாததும் படத்தைக் காப்பாற்றிய மூன்று அற்புதங்கள் என ராய் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். எனினும் படம் பொதுமக்கள் பார்வைக்கு வருவதற்கு முன்னரே சுனிபாலா தேவி காலமானார்.

இந்நிலையில் ராயின் தாயாருடைய தோழி ஒருவர் மூலம் செய்தி மேற்கு வங்காள முதலமைச்சர் பிதான் சந்திர ராயை எட்டியது. முதலமைச்சரின் ஆதரவினால் மாநில அரசு தவணை முறையில் பணம் வழங்க ஒப்புக்கொண்டது. இப்படம் ஊரக முன்னேற்றம் பற்றிய ஆவணப்படம் என அரசு அலுவலர்கள் கருதினர். தலைப்பில் 'பாதை' என்னும் சொல் இருந்தமையால் அத்தொகை 'சாலை மேம்பாடு' என்னும் தலைப்பின் கீழ் அரசுக் கணக்கில் பதியப்பட்டது. குடும்பம் ஊரை விட்டு வெளியேறும் முடிவை மாற்றி, நம்பிக்கையூட்டும் முடிவாக அமைக்குமாறு அரசுத் தரப்பில் கேட்கப்பட்டது. ராய் அதற்கு இணங்கவில்லை.

படத்தின் மொத்தச் செலவு குறித்த மதிப்பீடுகள் 70,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாய் வரை வேறுபடுகின்றன. இரண்டில் எதைக் கொண்டாலும் அக்கால அளவிலும் இது மிகக் குறைந்த தொகையே ஆகும். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு இதுவே முதல் படம் ஆகும். படப்பிடிப்புத் தொடங்கியபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ரவி சங்கர் இப்படத்துக்கான இசையை ஏறத்தாழ 11 மணி நேரம் நீடித்த ஒரே அமர்வில் முடித்துக் கொடுத்தார்.

முதல் திரையிடல்கள்

இப்படம் முதன்முதலில் பொதுவில் காட்டப்பட்டது இந்தியாவில் அன்று. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மன்ரோ வீலர் 1954 இல் கல்கத்தா வந்திருந்தபோது படத்தின் நிழற்படங்களைப் பார்த்தார். அருங்காட்சியகம் நடத்தவிருந்த இந்தியக் கலைக் கண்காட்சியையொட்டி இப்படத்தைத் திரையிட அவர் விரும்பினார். சில மாதங்களுக்குப் பின் தமது படம் ஒன்றுக்கு இடம் தேடி இந்தியா வந்த ஆலிவுட் இயக்குநர் ஜான் ஹியூஸ்டன், தொகுக்கப்பட்டிருந்த சில பகுதிகளைக் கண்டு அருங்காட்சியகத்துக்குச் சாதகமான கருத்தைத் தெரிவித்தார்.

குறித்த நாளுக்குள் படத்தை முடிக்க ராயும் படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் இறுதி நாட்களில் இரவு பகலாக உழைத்தனர். துணையுரைகள் சேர்க்க நேரம் இருக்கவில்லை. 1955 மே 3 அன்று நியூயார்க்கில் வங்காள மொழி அறியாத பார்வையாளர் முன்னிலையில் துணையுரை இன்றியே படம் காட்டப்பட்டு, நல்ல வரவேற்பைப் பெற்றது.

கல்கத்தாவில் விளம்பரத் துறையினர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் படம் காட்டப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. அங்கு கிடைத்த வரவேற்பு ராயை மிகவும் சோர்வடையச் செய்தது.

உள்நாட்டு வசூல்

1955 ஆகத்து 26 அன்று கல்கத்தாவின் பசுஸ்ரீ திரையரங்கில் படம் வெளியானது. விளம்பரத் தட்டிகளை ராயே வடிவமைத்தார். அப்புவும் துர்காவும் ஓடுவது போன்ற மின்விளக்கு விளம்பரம் ஒன்று நகரின் நெரிசலான பகுதியில் வைக்கப்பட்டது. எனினும் தொடக்க நாட்களில் இருக்கைகள் காலியாகவே இருந்தன. ஓரிரு வாரங்களில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு மக்கள் வரத் தொடங்கினர், காட்சிகள் நிரம்பின.

வசூல் உயர்ந்து கொண்டிருந்த வேளையில் படம் பசுஸ்ரீயிலிருந்து எடுக்கப்பட்டது. சென்னை ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய 'இன்சானியத்' என்னும் இந்தித் திரைப்படத்துக்காக அத்திரையரங்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்ததே இதற்குக் காரணம் ஆகும். பின்னர் வாசன் பதேர் பாஞ்சாலியைப் பார்த்துவிட்டு ராயைச் சந்தித்ததாகவும், இத்தகைய படத்தின் இடத்தைத் தமது படம் பிடிக்கிறது என அறிந்திருந்தால் வெளியீட்டைத் தள்ளி வைத்திருப்பேன் எனக் கூறியதாகவும் ராய் நினைவுகூர்ந்துள்ளார். அதன்பின் வேறொரு திரையரங்கில் மீண்டும் வெளியிடப்பட்ட படம் அங்கு ஏழு வாரங்கள் ஓடியது.

பாடல்களும் நட்சத்திரங்களும் இல்லாத, அறிமுக இயக்குநர் ஒருவரின் படம் பெருநகரத் திரையரங்குகளில் இவ்வளவு காலம் ஓடியது அன்று எதிர்பாராத ஒன்றாகும். எனினும் வங்காள மொழிப் படம் என்பதால் அதன் உள்நாட்டுச் சந்தை பெரும்பாலும் வங்காளத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது.

வெளிநாட்டு வசூல்

துணையுரை சேர்ப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் ஐக்கிய இராச்சியத்தில் படம் 1957 திசம்பரிலேயே வெளியானது. அமெரிக்காவில் எட்வர்ட் ஹாரிசன் என்னும் விநியோகத்தர் 1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ பிளேஹவுஸ் திரையரங்கில் இதனை வெளியிட்டார். 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் விமர்சகர் பாஸ்லி குரோதர், படத்தின் அமைப்பு தளர்வாக உள்ளதாகக் குறை கூறினார். ஆயினும் அதன் கவித்துவத்தைப் பாராட்டினார். இக்குறை கூட்டத்தைத் தடுக்கவில்லை. படம் அத்திரையரங்கில் எட்டு மாதங்கள் ஓடியது. அது அத்திரையரங்கின் சாதனை ஆகும்.

அமெரிக்காவில் நிகழ்ந்த முதல் வெளியீட்டின் மூலம் மேற்கு வங்காள அரசுக்கு ஏறத்தாழ 50,000 அமெரிக்க டாலர் இலாபம் கிடைத்தது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.76 ரூபாய் என்ற அன்றைய மாற்று விகிதப்படி இது சுமார் 2.4 லட்சம் ரூபாய் ஆகும். அதாவது, செலவு குறித்த மிக உயர்ந்த மதிப்பீட்டைக் கொண்டாலும், அமெரிக்க இலாபம் மட்டுமே படத்தின் மொத்தச் செலவை விட அதிகமாகும். சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்ட பணம் அரசுக்குத் திரும்பி வந்ததோடு இலாபத்தையும் ஈட்டித் தந்தது. நகைகளை அடகு வைத்துப் படத்தைத் தொடங்கிய இயக்குநர் அந்த இலாபத்துக்கு உரியவராக இருக்கவில்லை.

கான் திரைப்பட விழா, 1956

இப்படத்தை வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்புவதில் மாநில, மத்திய அரசு வட்டாரங்களில் சிலர் தயக்கம் காட்டினர். இந்தியாவின் வறுமையை உலகுக்குக் காட்டுவது நாட்டின் மதிப்பைக் குறைக்கும் என்பது அவர்களது வாதமாகும். முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் ஏற்பாட்டில் கல்கத்தாவில் படத்தைப் பார்த்த பிரதமர் சவகர்லால் நேரு அதனைப் பெரிதும் விரும்பினார். அவரது ஒப்புதலுடன் 1956 ஆம் ஆண்டுக் கான் விழாவுக்குப் படம் அனுப்பப்பட்டது.

விழாவின் பிற்பகுதியில், சப்பானியக் குழுவினர் விருந்து அளித்த அதே வேளையில் இப்படம் திரையிடப்பட்டது. இதனால் மிகச் சில விமர்சகர்களே அதனைக் கண்டனர். அப்போது விமர்சகராக இருந்த பிரான்சுவா திரூபோ, உழவர்கள் கையால் உண்பதைக் காட்டும் படத்தைப் பார்க்க விரும்பவில்லை எனக் கூறியதாகச் சொல்லப்படுகிறது. மாறாக, படத்தைக் கண்ட லிண்ட்சே ஆண்டர்சன், ஆந்திரே பசான், ஜார்ஜ் சதூல், லோத் ஐஸ்னர் உள்ளிட்டோர் அதனை மீண்டும் திரையிட வேண்டும் என வலியுறுத்தினர். இரண்டாவது திரையிடலுக்குப் பின்னர் படத்துக்குச் 'சிறந்த மனித ஆவணம்' என்னும் விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டின் முதன்மை விருதான தங்கப் பனை, கடலடி உலகைக் காட்டிய 'தி சைலண்ட் வேர்ல்ட்' என்னும் பிரெஞ்சுப் படத்துக்குச் சென்றது.

கான் விழாவில் இதற்கு முன்னரும் இந்தியத் திரைப்படங்கள் விருது பெற்றிருந்தன. சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' 1946 இலும், பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' 1954 இலும் அங்கு பரிசு பெற்றவை ஆகும். எனினும் விழாப் பரிசு ஒன்று வெளிநாட்டுத் திரையரங்குகளில் நீண்ட கால ஓட்டமாக மாறியது பதேர் பாஞ்சாலியின் தனிச்சிறப்பாகும்.

விருதுகள்

இப்படம் பெற்ற விருதுகளுள் முக்கியமானவை வருமாறு:

* இந்தியத் தேசிய திரைப்பட விருதுகள் (1955 ஆம் ஆண்டுப் படங்களுக்கானவை): அனைத்திந்தியச் சிறந்த திரைப்படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம், சிறந்த வங்காள மொழித் திரைப்பட விருது
* 1956 - கான் திரைப்பட விழா: சிறந்த மனித ஆவணம்
* 1956 - எடின்பரோ திரைப்பட விழா: தகுதிச் சான்றிதழ்
* 1956 - உரோம்: வத்திக்கான் விருது
* 1956 - மணிலா: தங்கக் கரபாவோ விருது
* 1957 - சான் பிரான்சிஸ்கோ பன்னாட்டுத் திரைப்பட விழா: சிறந்த திரைப்படம், சிறந்த இயக்குநர்
* 1957 - பெர்லின்: செல்சுனிக் தங்க லாரல் விருது
* 1958 - வான்கூவர் திரைப்பட விழா: சிறந்த திரைப்படம்
* 1958 - இசுட்ராட்போர்டு (கனடா): விமர்சகர் விருது
* 1958 - அமெரிக்கத் தேசிய மதிப்பாய்வுக் குழு: சிறந்த அயல்மொழித் திரைப்படம்
* 1966 - தோக்கியோ: கினேமா சும்போ விருது, சிறந்த அயல்மொழித் திரைப்படம்

இவற்றைத் தவிர, பிரித்தானிய அகாதமியின் சிறந்த திரைப்பட விருதுக்கும் இப்படம் பரிந்துரைக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ விழா முதன்முதலாக நடத்தப்பட்டது 1957 ஆம் ஆண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

விருதுகளின் விளைவு

பதேர் பாஞ்சாலியின் வெற்றிக்குப் பின்னர் ராய் விளம்பர நிறுவனப் பணியை விட்டு முழுநேர இயக்குநரானார். அப்புவின் கதையைத் தொடரும் அபராஜிதோ 1956 இல் வெளிவந்தது. அது 1957 ஆம் ஆண்டு வெனிசு விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்ற போதிலும் வங்காளத்தில் வணிக அடிப்படையில் தோல்வியுற்றது. பன்னாட்டு விருது உள்நாட்டு வசூலுக்கு உறுதியளிப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும். முதல் படம் உள்நாட்டில் ஓடியது விருதுகளால் அன்று என்பதையும் நாட்கள் காட்டுகின்றன. அது கல்கத்தாவில் ஓடிய வாரங்கள் கான் விழாவுக்கும் தேசிய விருதுக்கும் முற்பட்டவை ஆகும்.

விமர்சனங்கள்

இப்படம் வறுமையை அழகுபடுத்துகிறது என்ற கருத்தும், வெளிநாட்டினரின் பாராட்டைப் பெறுவதற்காக வறுமையைக் காட்டுகிறது என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவின. 1980 இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ராயின் திரைப்படங்கள் இந்திய வறுமையை ஏற்றுமதி செய்கின்றன எனக் குற்றம் சாட்டினார். வெளிநாட்டு விருதுகளே இப்படத்தின் மதிப்பைத் தீர்மானித்தன என்னும் எண்ணம் இக்குற்றச்சாட்டின் அடிப்படையாகும். ஆனால் கான் விழாவுக்குப் பல மாதங்கள் முன்னரே படத்தைத் திரையரங்கில் நிரம்பிய கூட்டமாகக் கண்டவர்கள் கல்கத்தா மக்களே ஆவர்.

பிற்காலத் தரவரிசைகள்

பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை உலக விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் இப்படம் 1992 இல் 6 ஆம் இடத்தையும், 2012 இல் 42 ஆம் இடத்தையும், 2022 இல் 35 ஆம் இடத்தையும் பெற்றது. 2022 இல் பன்னாட்டுத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் இந்தியப் பிரிவு நடத்திய வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் சிறந்த இந்தியத் திரைப்படமாக இது தெரிவு செய்யப்பட்டது.

மீட்டெடுப்பும் மறுவெளியீடும்

1992 இல் ராய்க்கு வாழ்நாள் சாதனைக்கான ஆசுக்கர் விருது வழங்கப்பட்டது. கல்கத்தா மருத்துவமனையில் இருந்தவாறே அதனைப் பெற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று காலமானார். அதன்பின் அவரது படங்களைப் பாதுகாக்கும் முயற்சியில் மூலப் படச்சுருள்கள் இலண்டனில் உள்ள ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டிருந்தன. 1993 இல் அங்கு ஏற்பட்ட தீ விபத்தில் அப்பு முப்படங்களின் மூலச்சுருள்களும் கருகின. கருகிய பகுதிகள் எறியப்படாமல் அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் காப்பகத்தில் வைக்கப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்குப் பின், கிரைட்டீரியன் நிறுவனமும் அகாதமியின் காப்பகமும் இணைந்து, இத்தாலியின் பொலோனியா நகரிலுள்ள மீட்டெடுப்பு நிலையத்தின் துணையுடன் அச்சுருள்களைச் சீர்படுத்தின. உலர்ந்து சுருங்கிய படச்சுருள்களுக்கு ஈரப்பதம் ஊட்டி, ஒட்டுகளையும் ஓரத் துளைகளையும் கையாலேயே செப்பனிட்டனர். பயன்படுத்த இயலாத பகுதிகள் வேறு பிரதிகளிலிருந்து நிரப்பப்பட்டன. மீட்டெடுக்கப்பட்ட பதேர் பாஞ்சாலி, முதல் திரையிடலுக்கு அறுபது ஆண்டுகள் கழித்து, 2015 மே மாதத்தில் அதே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டது. தொடர்ந்து அமெரிக்காவில் சில திரையரங்குகளில் மட்டும் நிகழ்ந்த மறுவெளியீட்டில் படம் ஏறத்தாழ 4 லட்சம் டாலர் வசூல் செய்தது.